ஹோட்டலில் "அது வேண்டாம், இதை மாத்திப் போடுங்க" என்று கேட்பது தப்பா?

காளவாசல்காரி:

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி. உசிலம்பட்டியிலிருந்து மாமியார் வந்திருந்தார்கள், நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது, பெரியவர்களும் பிள்ளைகளுமாக மொத்தம் ஏழு பேர். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சைவ ஹோட்டல், பெயர் வேண்டாம். மணி எட்டரை, வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

சப்ளையர் சின்னப் பையன், இருபது வயசு இருந்தால் அதிகம். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, அதனால் சாம்பாரில் உப்பு கம்மியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ரோஸ்ட் முறுகலாக வேண்டும், ஆனால் ஓரம் சிவக்கக் கூடாது (இது எப்படி என்று பதினோரு வருஷமாக எனக்கும் விளங்கவில்லை). நாத்தனாருக்குப் பொடி தோசை, நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். அவள் மகளுக்கு ஆனியன் ஊத்தப்பம், ஆனால் வெங்காயம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. நாத்தனார் வீட்டுக்கார அண்ணனுக்கு ரவா தோசை, மிளகு இல்லாமல். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு கடைசியாக நான் வாயைத் திறந்தேன். என் மகனுக்கு ஆறு வயசு, கடலை ஒத்துக்கொள்ளாது, இட்லி கொண்டு வாங்க, கடலை போட்ட சட்னி எதுவும் வேண்டாம் என்றேன். "கடலையெல்லாம் போட மாட்டோம்க்கா, நம்பிக் குடுங்க" என்றான்.

இரண்டாவது இட்லியைச் சிவப்புச் சட்னியில் தொட்டுத் தின்னும்போதே "அம்மா, நாக்கு அரிக்குது" என்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்துவிட்டது. கை கழுவாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஊசி போட்டு விடியும்வரை வைத்திருந்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். மறுநாள் வீட்டுக்காரர் பில் கட்டப் போனபோது விசாரித்திருக்கிறார். காரச் சட்னி கெட்டியாக வருவதற்கு வறுத்த நிலக்கடலை சேர்த்து அரைப்பார்களாம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. "பத்து விஷயம் கேட்டா அவன் எதைத்தான் காதுல வாங்குவான்" என்கிறார் வீட்டுக்காரர், ரோஸ்ட் ஓரம் சிவக்கக் கூடாது என்று கேட்ட அதே மனுஷர். மாமியாரோ, "சாப்பாட்டுக் கடையில போயி வீட்டுச் சமையலைக் கேட்டா எப்படித்தா" என்கிறார்கள். ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, யாரிடம் கேட்க வேண்டும்?


பழைய சப்ளையர்:

தங்கச்சி, முதலில் பையன் தேறிவிட்டான் என்பதே போதும். நான் 12 வருஷம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சப்ளையராக இருந்தவன், இப்போது வேறு தொழில். அந்தப் பையனுக்காகப் பேச வரவில்லை, அவன் சொன்னது தப்புத்தான். ஆனால் அந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

ஏழு பேர் மேசையில் ஆளுக்கொன்று சொல்லும்போது சப்ளையர் அதை உங்கள் முகத்தோடு சேர்த்து ஞாபகம் வைக்க மாட்டான். கல் கணக்காக வைப்பான். ரோஸ்ட் ஒண்ணு, பொடி ஒண்ணு, ஊத்தப்பம் ஒண்ணு, ரவா ஒண்ணு, இட்லி இத்தனை பிளேட் என்று மனசுக்குள்ளே ஓட்டிக்கொண்டு கிச்சன் ஜன்னலுக்குப் போவான். போகிற வழியில் இன்னொரு மேசை "தம்பி தண்ணி" என்கும், காசாளர் "ஏழாம் நம்பர் பில் என்னாச்சு" என்பார். ஜன்னலுக்குப் போய்ச் சேரும்போது ஐட்டங்களின் பெயர் தப்பாமல் இருக்கும், "இல்லாம", "வேண்டாம்" ரெண்டும் வழியில் எங்கேயாவது விழுந்திருக்கும். சில ஹோட்டலில் இப்போது கையில் மெஷின் வைத்து அடிக்கிறார்கள், அதிலும் இட்லிக்குக் குறிப்பு எழுத யாரும் மெனக்கெடுவதில்லை, இட்லியில் மாற்ற என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

அப்புறம் அந்தக் "கடலை". நம்ம ஊரில் கடலை என்றால் நிலக்கடலை, மல்லாட்டை என்று சொல்கிற ஊரும் உண்டு. அதே கடலை பொட்டுக்கடலையும் ஆகும், கடலைப்பருப்பும் ஆகும், கொண்டைக்கடலையும் ஆகும், கடலை மாவு என்றால் அதில் நிலக்கடலையே கிடையாது. பையன் பொட்டுக்கடலையை நினைத்துச் சொல்லியிருப்பான் என்று வைத்துக்கொண்டாலும் அதுவும் பொய்தான், பொட்டுக்கடலை விழாத தேங்காய்ச் சட்னியை மதுரை ஹோட்டலில் நான் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சட்னி அரைக்கிற ஆள் வேறே, அவர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அரைத்து வாளியில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். சப்ளையருக்கு வாளியும் கரண்டியும்தான் தெரியும்.

தெரியாது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் சேர்ந்த புதுசில் ஒரு கஸ்டமரிடம் "தெரியலண்ணே, கேட்டு வர்றேன்" என்றேன். உள்ளே போனால் மாஸ்டர் கரண்டியைக் காட்டி, "வியாபார நேரத்துல வந்து பாடம் கேக்குறியா" என்றார். வெளியே வந்தால் முதலாளி, "தெரியாதுன்னு சொல்லாத, கடைக்குக் கேவலம்" என்றார். அன்றோடு நானும் "அதெல்லாம் இல்லண்ணே" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

அதனால் சொல்கிறேன், உட்கார்வதற்கு முன்னாலேயே கல்லாவில் இருப்பவரிடம் போய், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "நிலக்கடலை பட்டா இவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும், எந்தச் சட்னியில இருக்கு" என்று கேளுங்கள். கல்லாக்காரர் ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்குப் பயப்படுவார். மெனு எடுத்தபிறகு, ரோஸ்டுக்கும் ரவாவுக்கும் நடுவில் சொன்னால் அதுவும் ஒரு ருசி விஷயமாகத்தான் போய்ச் சேரும்.


சிம்மக்கல் நையாண்டி:

இவ்வளவு கண்டிஷன் உள்ளவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டால் மற்றவர்களுக்குச் சீக்கிரம் டேபிள் கிடைக்கும்.


பழைய சப்ளையர்:

நையாண்டி அண்ணே, டீக்கடையில் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா, ஆத்தாம, கிளாஸைச் சுடுதண்ணியில அலசி" என்று ஒரு டீக்கு நாலு கண்டிஷன் போடாதவரா நீங்க?


சிம்மக்கல் நையாண்டி:

அது டீ. அது வேற.


பரோட்டாக்கல்:

மேலூர் ரோட்டில் சின்னக் கடை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் பன்னிரண்டு ஆகும். நான்தான் மாஸ்டர், நான்தான் முதலாளி, மச்சான் பொட்டலம் கட்டுவான். என் கணக்கு ரொம்பச் சுலபம் அக்கா. கல்லில் நடக்கிறதை மாற்றலாம், சட்டியில் முடிந்துபோனதை மாற்ற முடியாது.

கொத்துப் பரோட்டாவில் முட்டை வேண்டாமா, சரி. பச்சை மிளகாய் வேண்டாமா, சரி. ஆம்லெட் வெங்காயம் இல்லாமல், கலக்கி மிளகுத்தூள் இல்லாமல், ஹாஃப் பாயில் கொஞ்சம் வெந்து, எல்லாம் சரி, எல்லாம் என் கண் முன்னால் நடக்கிறது. ஆனால் கறி தோசையில் வெங்காயம் வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய? மாவை ஊற்றி, அதன்மேல் முட்டையை ஊற்றி, அதன்மேல் கறியைப் பரப்பித் திருப்பிப் போடுகிறேன். மாவும் முட்டையும் என் கையில். அந்தக் கொத்துக்கறி மத்தியானமே வெங்காயம் தக்காளியோடு சுண்டி இறங்கியாச்சு, வெங்காயம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சால்னாவில் காரம் குறைக்கச் சொல்வார்கள். அண்டாவில் கொதிக்கிறதில் அவர்களுக்கென்று ஒரு கரண்டி காரம் குறைக்க முடியுமா? சிலர் விவரமாக ரெண்டு கரண்டி தயிர்ப் பச்சடி வாங்கிக் கலந்துகொள்வார்கள்.

பெரிய காமெடி எண்ணெய் இல்லாத பரோட்டா. மைதாவைப் பிசையும்போது எண்ணெய், உருண்டை பிடித்து ஊறப்போடும்போது மேலே எண்ணெய், வீசும்போது கல்மேடையில் எண்ணெய், அடுக்கு பிரிவதே அந்த எண்ணெயால்தான். கடைசியில் கல்லில் நான் விடுகிற ஒரு கரண்டியை மட்டும் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி வரும். ஒருத்தர் பிடிவாதமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "பரோட்டா சரியில்லையே மாஸ்டர்" என்றார். நானும் "ஆமாண்ணே, சரியில்லதான்" என்றேன்.

உங்கள் மாமியார் உப்பு விஷயமும் இதேதான். சாம்பாரில் மட்டுமா உப்பு, இட்லி மாவு கரைக்கும்போதே போட்டாச்சு, சட்னியிலும் உண்டு. உப்பு குறைக்க வேண்டியவர்கள் சாம்பாரை ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இட்லியை முங்க வைத்தால் ரெண்டு கப் போய்விடும்.

கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் எப்போது வரும் தெரியுமா, முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் காசைக் குறை என்பார்கள். கூட ஒரு முட்டை போடு என்கும்போது காசைக் கூட்டிச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும்.

கடலை விஷயத்துக்கு வருகிறேன். என் கடையில் எதிலும் நிலக்கடலை அரைக்க மாட்டேன், ஆனால் எண்ணெய் ரீஃபைண்டும் செக்குக் கடலெண்ணெயும் கலந்து வைத்திருக்கிறேன். அது உங்கள் பையனுக்கு ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இதை அப்படியே சொல்லுவேன், தின்னுங்கள் என்று சொல்ல மாட்டேன்.


கோதுமை வேண்டாதவள்:

பரோட்டாக்கல் அண்ணன் சொன்ன எண்ணெய்தான் ஆள் கவனிக்காத இடம். ஒவ்வாமை நிலக்கடலையின் புரதத்தால் வருகிறது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாக மிஞ்சாது, செக்கில் ஆட்டினதில் இருக்கும். வறுத்துவிட்டால் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது பொய், வறுத்தால் போகாது. உங்கள் டாக்டரிடம் எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள். கூடவே எப்போதும் கையில் வைத்துக்கொள்ள அட்ரினலின் ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள், அடுத்த தடவை வீக்கத்தோடு மூச்சும் வாங்கினால் ஆட்டோ தேடி ஓடக் கூடாது, 108.

எனக்குக் கோதுமை ஆகாது, குடல் ஏற்காது. அரிசிச் சோறு தின்கிற ஊரில் இதென்ன பெரிய கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். இட்லி, தோசை, சாம்பார் என்று ஒரு வருஷம் ஓட்டியும் வயிறு அடங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சாம்பாரில் போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படித்தால் எழுதியே இருக்கிறது. ரசத்திலும் அதே, சில இட்லிப் பொடியிலும் அதே. ரவா தோசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு ஹோட்டலில் "பெருங்காயத்துல கோதுமை இருக்கா" என்று கேட்டேன், அந்த அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருங்காயத்துல பெருங்காயம் இருக்காம்மா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் நமக்கு எட்டாத உயரத்தில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி மத்திய உரிமம் வாங்கின ஹோட்டலும், 10 அல்லது அதற்கு மேல் கிளை உள்ள ஹோட்டலும் எந்த ஐட்டத்தில் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கலோரியும் போட வேண்டும், ஆனால் கஸ்டமர் கேட்டு மாற்றிச் செய்த ஐட்டத்துக்குக் கலோரி போட வேண்டியதில்லை. ஒரே ஒரு கடை வைத்திருக்கிற பைபாஸ் ரோட்டு முதலாளியை இது தொடாது.

நான் செய்கிறது, ஒரு சீட்டில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, கூட்டுப் பெருங்காயம் ஆகாது, சாப்பிட்டால் நோய் வரும். அதைச் சப்ளையர் கையில் கொடுத்து உள்ளே காட்டச் சொல்லுவேன். வாயால் சொன்னால் கேட்காத மாஸ்டர்கூட எழுத்தைப் பார்த்தால் நின்று படிக்கிறார். சில கிச்சனில் வடக்கத்திப் பையன்கள்தான் வேலை பார்க்கிறார்கள், அதனால் பின்பக்கம் இந்தியிலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் மகனுக்கும் ஒன்று எழுதுங்கள், கடலை என்று மட்டும் எழுதாதீர்கள், நிலக்கடலை, வேர்க்கடலை, செக்குக் கடலெண்ணெய் என்று விரித்து எழுதுங்கள். சட்னிக் கரண்டி மாறுகிறதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு வாளியும் ஒரே தூக்கில் வருகிறது, சிவப்பில் விட்ட கரண்டி வெள்ளையில் விழுகிறது, அதை யாரும் சேர்மானமாகக் கணக்கில் எடுப்பதில்லை.


வேன்காரன்:

நான் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று யாத்திரைக்கு வேன் ஓட்டுகிறவன். வண்டியில் வருகிற குஜராத், ராஜஸ்தான் ஆட்களில் பாதிப்பேர் வெங்காயம் பூண்டு தொட மாட்டார்கள், ஜைனர்கள் என்றால் உருளைக்கிழங்கு, கேரட்டும் கிடையாது, மண்ணுக்குள் விளைந்தது ஆகாது. முதல் வருஷம் நானும் ஒவ்வொரு ஹோட்டலிலும் இறங்கி "சாம்பார்ல வெங்காயம் இல்லாம" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம் பருப்போடு கரைந்து கிடக்கிற சாம்பாரில் அதை எப்படி எடுப்பது? ஒரு கடையில் வடிகட்டியே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் மாற்றச் சொல்வதே இல்லை, இயல்பாகவே இல்லாததைப் பார்த்து வாங்குவேன். வெண்பொங்கலில் வெங்காயமும் இல்லை பூண்டும் இல்லை. தயிர்சாதம், எலுமிச்சை சாதம், வெங்காயம் போடாத தேங்காய்ச் சட்னி, இட்லி. இதிலேயே ரெண்டு நாள் ஓட்டிவிடலாம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கிடைக்கிற கடை என்றால் அன்றைக்கு எனக்கே டிப்ஸ் வரும். பூரிக்கு மசால் வேண்டாம், சர்க்கரை தொட்டுக்கொள்கிறார்கள், பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஜிகர்தண்டாவில்தான் இன்னும் மாட்டுகிறேன். சர்க்கரை இல்லாமல் கேட்பார்கள். பால் சுண்டும்போதே சர்க்கரை விழுந்தாச்சு, நன்னாரி சர்பத் இனிப்பு, ஐஸ்கிரீம் இனிப்பு, எல்லாம் எடுத்தால் கடல்பாசிதான் மிஞ்சும். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்காரர் "கடல்பாசியும் ஐஸும் மட்டும் போட்டுத் தரவாண்ணே" என்று நிஜமாகவே கேட்டார். பருத்திப்பாலும் அப்படித்தான், வெல்லம் கரைந்துதான் அண்டாவில் வருகிறது.

அக்கா, ஒண்ணு மட்டும். சித்திரைத் திருவிழா சமயம், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு, இதெல்லாம் எந்தக் கடையிலும் கேட்காதீர்கள். அன்றைக்கு மாஸ்டருக்குத் தன் பெயரே ஞாபகம் இருக்காது.


காளவாசல்காரி:

எல்லாருக்கும் நன்றி. நையாண்டி அண்ணனுக்கும்தான், அவர் சொன்னதை மாமியாரிடம் காட்டினேன், "நல்ல மனுஷனா இருக்காரே" என்றார்கள்.

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அதே ஹோட்டலுக்கு நான் மட்டும் போனேன். சண்டை போடப் போகவில்லை. சீட்டு எழுதியிருந்தேன், நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, செக்கெண்ணெய் எல்லாம் போட்டு. கல்லாவில் இருந்தவர் படித்துவிட்டு உள்ளே இருந்து சட்னி அரைக்கிறவரையே கூப்பிட்டார். ஐம்பது வயசிருக்கும், கையெல்லாம் தேங்காய். சீட்டைக் கையில் வாங்காமல் தள்ளிப் பிடிக்கச் சொல்லிப் படித்துவிட்டு, "காரச் சட்னியில போடுறேன், புதினாவுல போடல, ஆனா மிக்ஸி ஒண்ணுதான்" என்றார். மிக்ஸி ஒண்ணுதான் என்றதைக் கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் பிள்ளைக்கு வெறும் இட்லியும் சர்க்கரையும் கொடுத்திருப்பேன்.

அந்தப் பையனைத் தேடினேன், கூஜாவில் தண்ணி நிரப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கூஜாவைக் கீழே வைத்துவிட்டான். "தம்பி எப்படிக்கா இருக்கான்" என்று மட்டும் கேட்டான், அதற்குமேல் அவனுக்கும் வரவில்லை எனக்கும் வரவில்லை. சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்ததாம்.

வீட்டுக்காரர் ரோஸ்டைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. பரோட்டாக்கல் அண்ணே, ஓரம் சிவக்காமல் முறுகலாக வருமா வராதா?


பரோட்டாக்கல்:

வராது அக்கா. சிவந்தால்தான் முறுகல். மாமாவை ஒரு நாள் கடைக்குக் கூட்டி வாங்க, கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை லீவு.